அம்மா அவர்களும் நாற்பத்தைந்து புளியங்கொட்டையும்

அம்மா அவர்களின் காரியத்துக்கு வந்திருந்தவர்கள்: என் தம்பி. என் வீட்டுக்காரர். ஊரூர் குப்பத்திலிருந்து பெரிய மாமா. அவர் சம்சாரம். சின்ன மாமா, நடக்க முடியாமல் ஜட்காவில் வந்தார். பக்கத்து வீட்டு பாத்திமா பீ. அவர் புருஷன், தையல்காரர், வாசலோடு நின்றுகொண்டார். அம்மா அவர்கள் வேலை பார்த்த மயிலாப்பூர் வீட்டு அம்மாள் வரவில்லை, ஒரு படி அரிசி கொடுத்தனுப்பினார். என் மகள் இருந்தாள்.

உயிர் போனபோது பக்கத்தில் இருந்தவர்கள்: ஒருவரும் இல்லை.

பெரிய மாமா எல்லார் எதிரிலும் கேட்டார்.

“இன்னாம்மா, பெத்தவள அனாதப் பொணமா வுட்டுட்டு எங்க போய்க்கினு இருந்தே? பொண்ணு ஒண்ணு வூட்ல கீதே, அத்தயாவது குந்த வெச்சிட்டுப் போவக் கூடாதா?”

அன்று நான் அரிசி களைய எழுந்து போனேன். இப்போது வருஷம் திரும்பிவிட்டது. அம்மா அவர்களைப் பற்றி எழுது என்று தம்பி சொல்கிறான். எழுதுகிறேன். மாமாவுக்கும் பதில் இதில் இருக்கிறது.

அம்மா அவர்கள் பிறந்தது ஊரூர் குப்பத்தில். வருஷம் தெரியாது. கல்யாணமாகி ஆற்றைத் தாண்டி மந்தைவெளிக்கு வந்தார்கள். நைனா அவர்கள் செங்கல் வண்டி ஓட்டினார். பிள்ளைகள் ஆறு பிறந்து நாலு போய்விட்டது. நைனா அவர்கள் வாந்திபேதி கண்டு இரண்டு நாளில் போனார். தம்பி அப்போது வயிற்றில். பதினாறாம் நாள் காரியம் முடிந்து பதினேழாம் நாள் அம்மா அவர்கள் வேலைக்குப் போனார்கள்.

வேலை மயிலாப்பூர் வீடுகளில். நெல் குத்துவது, மிளகாய் காம்பு கிள்ளுவது. கோடை பிறந்தால் புளி. ஒரு வருஷத்துப் புளியை மொத்தமாக வாங்கிப் போடுவார்கள். அதைத் தட்டிக் கொட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும். கொட்டை அவர்களுக்கு வேண்டாம், அம்மா அவர்கள் முந்தானையில் கட்டிக்கொண்டு வருவார்கள்.

தம்பி மடியில் கிடந்தவரைக்கும் வேலைக்குக் கூடவே தூக்கிப் போனார்கள். அவனுக்கு நடை வந்ததும் தொல்லை. புளிக்குவியலில் மூத்திரம் பெய்துவிட்டான்.

“ஏண்டி, நாங்க வருஷம் முழுக்கச் சாப்பிடற புளின்னா இது! நாளைலேர்ந்து குழந்தையை அழைச்சுண்டு வர்றதா இருந்தா நீயும் வராதே” என்று அந்த வீட்டு அம்மாள் சொல்லிவிட்டார்.

அது பள்ளிக்கூட லீவு விட்ட வாரம். எனக்கு எட்டு வயது. நைனா அவர்கள் இருந்தபோது என்னைப் பள்ளியில் சேர்த்திருந்தார். எங்கள் சந்தில் பள்ளிக்குப் போனது நான் ஒருத்திதான். இரண்டாவது தேறி மூன்றாவது போக வேண்டும். கணக்கில் நான் முதல்.

“லீவு எத்தினி நாளு?” என்று அம்மா அவர்கள் கேட்டார்கள்.

“நாப்பத்தஞ்சி.”

“அது வரிக்கும் தம்பிய நீ பாத்துக்க. தெருமொனைய தாண்டின, கால ஒட்ச்சிடுவேன்.”

நான் அழுதேன். நாளெல்லாம் அவனோடு என்ன செய்வது? அதற்கு அம்மா அவர்கள் வழி செய்தார்கள். காலணா செலவில்லை. முந்தானைக் கொட்டையைத் தரையில் கொட்டினார்கள். மண்ணில் குழி பறித்துப் பல்லாங்குழி காட்டிக்கொடுத்தார்கள். நாலு கொட்டையைக் கல்லில் ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கித் தாயம். குவித்து ஊதி, விலகி விழுந்த கொட்டையை மட்டும் எடுக்கிற ஆட்டம். ஒற்றையா இரட்டையா. தம்பிக்குத் தகர டப்பாவில் நாலு போட்டு ஆட்டினால் போதும். ஒருநாள் அவன் ஒரு கொட்டையை மூக்கில் ஏற்றிக்கொண்டான். அம்மா அவர்கள் மூக்குப்பொடி வைத்துத் தும்ம வைத்து எடுத்தார்கள். எடுத்த பிறகு என்னை அடித்தார்கள்.

இதெல்லாம் விளையாட்டு. இன்னொன்றும் கொடுத்தார்கள். ஒரு கொட்டாங்கச்சி.

“தெனம் சாய்ங்காலம் இதுல ஒரு கொட்ட போடு. நாப்பத்தஞ்சி ஆச்சின்னா பள்ளிக்கூடம் போ.”

நான் போட்டேன். மற்ற ஆட்டமெல்லாம் சலித்துப்போனது, இது சலிக்கவில்லை. போடுமுன் எண்ணுவேன், போட்டும் எண்ணுவேன்.

இருபத்தெட்டு என்று எண்ணி வைத்தேன். மறுநாள் எண்ணினால் இருபத்தைந்து.

“எம்மா, கொறையுது.”

“கொட்ட இன்னா கால் மொளச்சி ஓடுதா? ஒனுக்கு எண்ணத் தெரியில. எண்ணத் தெரியாத கய்தைக்கு மூணாவது ஒரு கேடா?”

திரும்ப எண்ணினேன். இருபத்தைந்துதான். நான்தான் தப்பு என்று நினைத்தேன். பிறகு முப்பது வரும், இருபத்தேழு ஆகும். முப்பத்திரண்டு வரும், முப்பது ஆகும். தம்பி தின்றுவிட்டானோ என்று அவன் வாயைப் பிளந்து பார்த்தேன். இரவில் விரலை மடக்கி ஒன்று இரண்டு சொல்லிப் பார்ப்பேன். எனக்குக் கணக்குப் போய்விட்டது என்று நம்பினேன். மழைகூட ஒன்று பெய்துவிட்டது.

ஒருநாள் கூடப் படித்த கோவிந்தம்மா எங்கள் சந்து வழியாக வந்தாள். கையில் பலகை.

“அய்ய, நீ உசுரோடதான் கீறியா? நீ பூட்டேன்னு சொல்லிக்கினாங்களே!”

“லீவுல ஏண்டி பலகைய எட்த்துக்கினு போறே?”

“இன்னா லீவு? பள்ளிக்கூடம் தொறந்து பதினெட்டு நாளாச்சி. வாத்தியாரு ஒம்பேர்ல கோடு போட்டுட்டாரு.”

“இன்னும் முப்பத்தொண்ணுதானே ஆச்சி?”

“இன்னாது முப்பத்தொண்ணு?”

கொட்டாங்கச்சியைக் காட்டினேன். அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். அன்று முதல் தெருவில் என் பேர் கொட்டை.

அம்மா அவர்கள் வேலையிலிருந்து வந்ததும் கேட்டேன்.

“கொட்டய நீ எட்த்தியா?”

“எட்த்தேன். அத்துக்கு இன்னா இப்போ?”

“பேர அட்ச்சிட்டாங்க.”

“அடிக்கட்டும். நீ பூட்டா இவன யாரு பாக்கறது? ஒங்க நைனா எய்ந்து வருவாரா? சொல்லியிருந்தா அன்னிக்கே அய்துக்கினு குந்தியிருப்பே. நாலு நாளு சந்தோசமா வெளாண்டியே, அது போதாது?”

அன்று வீட்டில் அரிசி இல்லை. அம்மா அவர்கள் கொட்டாங்கச்சியைச் சட்டியில் கவிழ்த்து வறுத்தார்கள். தோலை நீக்கி எனக்கும் தம்பிக்கும் கொடுத்தார்கள். தின்றோம்.

அதற்குப் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை.

அம்மா அவர்கள் யாரிடமும் கை நீட்டியதில்லை. தம்பிக்கு ஐந்து வயதானதும் தாங்களே இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளியில் விட்டார்கள். அவனைக் கடைசிப் பரீட்சை வரை படிக்க வைத்தார்கள். அவன் மண்ணடியில் ஒரு கடையில் குமாஸ்தாவாக இருக்கிறான். எனக்கு எழுத்து மறக்காமல் இருந்தது அவன் பலகையால். என் கல்யாணத்தையும் கடன் இல்லாமல் முடித்தார்கள். அவர்கள் குணம் இது. இதையும் எழுத வேண்டும்.

போன வருஷக் கோடையில் அம்மா அவர்களுக்கு இடுப்பு விழுந்தது. என் வீட்டில் வைத்துக்கொண்டேன். அவர்கள் வேலை பார்த்த வீடுகளுக்கு இப்போது நான் போகிறேன். லீவு நாட்களில் என் மகள் பாட்டியோடு இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள், விசிறினாள். லீவு முடிகிற சமயம் அம்மா அவர்கள் சொன்னார்கள்.

“பாப்பாவ நிறுத்திடு. என்னப் பாத்துக்கட்டும். லீவு இன்னும் கீதுன்னு சொல்லேன், அது கொயந்த, அதுக்கு இன்னா தெரியும்?”

திறந்த அன்று நானே கொண்டுபோய் விட்டேன். அம்மா அவர்கள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஐப்பசியில் ஒருநாள் காலை அவர்களுக்கு மூச்சு வாங்கியது.

“இன்னிக்கு ஒரு நாளு பாப்பாவ வுட்டுட்டுப் போடி.”

“இன்னிக்கிக் கணக்குப் பரீச்சம்மா.”

“எனுக்குப் பயமா கீது.”

அம்மா அவர்கள் பயம் என்று சொல்லி நான் கேட்டது அது ஒரு தடவைதான். கஞ்சியும் சொம்புத் தண்ணீரும் கைக்கு எட்டும்படி வைத்தேன். பாத்திமா பீயிடம் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளச் சொன்னேன். மகளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

பாத்திமா பீ நடுப்பகலில் எட்டிப் பார்த்தபோது சொம்பு கவிழ்ந்து கிடந்தது. அம்மா அவர்கள் போய்விட்டிருந்தார்கள். உடம்பில் சூடு இல்லை.

மாமா கேட்டதற்கு இதுதான் பதில். தெரிந்துதான் விட்டுப் போனேன்.

கண்ணை மூடிவிட்ட பாத்திமா பீக்கும், மழையில் தோள் கொடுத்த பெரிய மாமாவுக்கும், முடியாமலும் வந்த சின்ன மாமாவுக்கும், துணி தைத்துக் கொடுத்துக் கூலி வாங்காத தையல்காரருக்கும், அரிசி கொடுத்தனுப்பிய அம்மாளுக்கும், செலவை ஏற்ற தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அம்மா அவர்களின் சாவுக்கும் காரியத்துக்குமாகச் சேர்த்து என் மகள் பள்ளிக்குப் போகாத நாள் இரண்டு.