மெதுவாச் சொல்லுங்க

கண்ணாடிக் கடையின் பின்னறையில் பதினேழு ஆண்டுகள் லென்ஸ் தேய்த்தவருக்கு வீட்டார் வைத்த பெயர் பூச்சி. வாயில்லாப் பூச்சி என்பதன் சுருக்கம். முன்பக்கம் யாராவது வந்து நின்றால், கூப்பிட்டது காதில் விழவில்லை என்று சொல்லிக்கொள்ள வசதியாக, தேய்ப்பு எந்திரத்தை வெறுமனே ஓடவிடுவார்.

அவரைத் தேற்றியெடுத்தவர் அக்கா. தினம் ஒரு கடை, கடைக்கு ஒரு வாக்கியம் என்பது அக்கா வகுத்த ஏற்பாடு. முதல் நாள் மருந்துக்கடையில், தலைவலி மாத்திரை என்று சொல்லி முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் முகம் சுளிக்கவில்லை. "மெதுவாச் சொல்லுங்க, நாங்க எங்கயும் ஓடிப் போயிட மாட்டோம்" என்றார். சலவைக்கடையிலும் அதே கனிவு. மூன்றே மாதத்தில், காலரில் கஞ்சி போதவில்லை என்று குறை சொல்லும் அளவுக்குப் பூச்சி தேறிவிட்டார். முதலாளியும் அவரை அழைத்து, திங்கள் முதல் முன்பக்கம் உட்காரச் சொன்னார்.

சனிக்கிழமை, மாத்திரையை உறையில் போட்டபடியே மருந்துக்கடைக்காரர் சொன்னார்: "இன்னைக்குச் சரளமாப் பேசிட்டீங்க. அக்கா கேட்டா சந்தோஷப்படுவாங்க."

அக்காவை இவருக்கு எப்படித் தெரியும் என்று பூச்சி யோசித்தார். முதல் நாள் இவர் சொன்ன 'மெதுவாச் சொல்லுங்க' வாக்கியத்தையேதான் சலவைக்காரரும் எழுத்துப் பிசகாமல் சொல்லியிருந்தார். சிறுவயதில் அவர் திக்கிய போதெல்லாம் அக்கா சொன்ன வாக்கியம் அது.

வீட்டில் அக்கா காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"எல்லாக் கடையிலயும் முன்னாடியே போய்ச் சொல்லி வச்சியாக்கா?"

"உன் நல்லதுக்குத்தானேடா."

"முதலாளிகிட்டயும்?"

கத்தி நின்றது.

"எல்லாரும் சேர்ந்து நடிச்சிருக்கீங்க. நான் ஒருத்தன்தான் நிஜமாப் பேசிட்டிருந்திருக்கேன்."

அக்காவின் கண் கலங்கியது. தம்பி தடங்கலின்றிப் பேசிவிட்டான் என்ற பெருமையும் அந்தக் கண்ணில் தெரிந்ததுதான் பூச்சிக்கு ஆறவே இல்லை.

மறுநாள், மூன்று தெரு தள்ளி, அக்கா கால் வைத்திராத இரும்புக்கடைக்குப் போய்த் திருகாணி கேட்டார். "சீக்கிரம் சொல்லுங்க, பின்னாடி ஆள் நிக்குது" என்று கடைக்காரர் எரிந்து விழுந்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருந்தும் அளவைச் சொல்லி, வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.

திங்களன்று நேரே முதலாளியிடம் போய் நின்றார். "அக்கா சொன்னதுக்காக வேணாம். ஒரு வாரம் பாருங்க. சரிப்படலைன்னா பின்னறைக்கே போயிடறேன்."

முன்பக்க நாற்காலி அவருக்கு நிலைத்தது. சில மாதம் கழித்துத் தன் மூக்குக்கண்ணாடியை மாற்ற அக்கா அங்கே வந்தார். பூச்சி தலைநிமிர்ந்து, வருகிற எல்லாரிடமும் கேட்பதைப் போலவே கேட்டார்:

"சொல்லுங்க, என்ன வேணும்?"