மலைப்பாதையில் நான் பொய் சொன்ன பத்து நிமிடம்

மூன்று ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதக் காலையில் திருப்பதி மலைப்பாதையில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் நகரி. திருப்பதியில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். வாரத்தில் ஐந்தாறு நாள் திருமலைக்கு ஏறி இறங்குகிறவன். எந்த வளைவில் எந்தக் குரங்கு உட்கார்ந்திருக்கும் என்பது வரை அத்துப்படி என்று பீற்றிக்கொள்வேன்.

அன்று ரயில் நிலையத்தில் சித்தூர்க்காரத் தம்பதி ஒன்று என் காரில் ஏறியது. அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிக்கூட டீச்சர். சர்க்கரை நோயால் இரண்டு கண்ணிலும் பார்வை போய் ஒரு வருடம் ஆகிறது என்று கணவர் சொன்னார்.

அடிவாரச் சாவடியைத் தாண்டியதும் டீச்சர் கேட்டார்: "அண்ணா, ஏறுற வழியில கீழ ஒரு பாறை, மேல வேற பாறைன்னு போர்டு வெச்சிருப்பாங்களே, அங்க ரெண்டே நிமிஷம் நிறுத்துறீங்களா? நான் தொட்டுப் பாக்கணும்."

இருபது வருடமாக வகுப்பில் அந்தப் பாறையைக் கரும்பலகையில் வரைந்து பாடம் நடத்தியவராம். மலைக்கு வந்தபோதெல்லாம் பஸ்ஸில் வந்ததால் இறங்கிப் பார்க்க வாய்க்கவில்லை. அடுத்த முறை, அடுத்த முறை என்று தள்ளிப்போட்டதில் கண்ணே போய்விட்டது.

எனக்கோ மேலே அடுத்த சவாரி காத்திருந்தது. பாறையில் தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது என்ற இளக்காரம் வேறு. "அங்கல்லாம் நிறுத்த உடமாட்டாங்கம்மா, டைமும் ஆயிடும்" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அந்த இடம் வந்தபோது இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்தேன்.

எங்கள் மலைப்பாதையில் ஒரு விதி உண்டு. கீழே புறப்படும் நேரத்தைக் குறித்துக்கொள்வார்கள். சீக்கிரமே மேலே போய்ச் சேர்ந்தால், வேகமாக ஓட்டியதாக அபராதம். அதனால் என்னைப் போன்ற சூரர்கள் விரட்டிக்கொண்டு வந்து, மேல் சாவடிக்குச் சற்று முன்னால் ஓரங்கட்டி நேரத்தைப் போக்குவோம். இதில் லாபம் ஒன்றுமில்லை என்பது மண்டைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அன்றும் பழக்க தோஷத்தில் ஓரங்கட்டிவிட்டேன்.

"ஏன்ணா, வண்டி நின்னுக்கினு இருக்குது?" என்றார் டீச்சர்.

"டைம் ஆவல டீச்சரம்மா. இன்னும் பத்து நிமிஷம் இருக்குது."

சொன்ன பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை. டீச்சர் கேட்டது ஒன்றுதான்: "பரவால்ல. இங்க பக்கத்துல பாறை இருக்குதா?"

கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். சாலையோரப் பாறையைத் தடவிக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அண்ணா, இங்க கை வெய்யுங்க. வரி வரியா இருக்குதா? தண்ணியில அலை வந்து மணல்ல போட்ட வரி இது. அந்த மணலு இறுகித்தான் இந்தக் கல்லு."

ஆமாம், அலை வரியேதான்! ஆயிரம் முறை கடந்துபோன இடம், ஒரு நாளும் என் கண்ணில் பட்டதில்லை. மலைத்துப்போய் நின்றேன். எனக்கு எந்த ஊர் என்று கேட்டார். நகரி என்றதும் கலகலவென்று சிரித்துவிட்டார். "அட ராமா! இந்தக் கல்லுக்குப் பேரே நகரிக் கல்லுதான். புஸ்தகத்துல எல்லாம் உங்க ஊரு பேருதான் போட்டிருக்குது!"

என் ஊர்க் கல்லை, கண் தெரியாத ஒருவர் எனக்கே காட்டித்தருகிறார். வெட்கத்தில் காது சுட்டது. ஏறும் பாதை ஒருவழி, வண்டியைத் திருப்பவும் முடியாது. "பொய் சொல்லிட்டேன் டீச்சரம்மா. நாளைக்கு நானே உங்கள அங்க கூட்டிக்கினு போறேன்" என்று ஒப்புக்கொண்டேன்.

மறுநாள் தரிசனம் முடிந்ததும் அவர்களை அடிவாரம் வரை இறக்கிக் கொண்டுவந்து, அந்தப் பாறைக்காகவே மறுபடியும் ஏறினேன், இந்த முறை ஆமை வேகத்தில். கீழே பழைய கருங்கல், மேலே நகரிக் கல், நடுவில் ஒரு கோடு. டீச்சர் ஒரு கையைக் கீழ்ப் பாறையிலும் மறு கையை மேல் பாறையிலும் வைத்தார். அந்தக் கோட்டுக்குள் கோடிக்கணக்கான வருடங்கள் காணாமல் போயிருக்கின்றன, அந்தக் காலத்துக் கல் ஒன்றுகூட இங்கே மிச்சமில்லை என்று எங்களுக்குப் பாடமே நடத்தினார். கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டீச்சர் அழவில்லை. விரலால் அந்தக் கோட்டை மெதுவாக அளந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ சன்னமா இருக்குது! நான் இத்தினி வருஷமா பிளாக் போர்டுல தடியா போட்டுக்கினு இருந்தேன். இனிமே பசங்களுக்குச் சரியா சொல்லணும்" என்றார். இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாராம். அப்பா, என்ன மனுஷி!

மேல் சாவடிக்கு முன்னால் நான் ஓரங்கட்டுவது அன்றோடு நின்றது. இப்போதெல்லாம் யார் ஏறினாலும், கேட்காமலே அந்தப் பாறையருகே நிறுத்தி, "நம்ம ஊரு கல்லு, தொட்டுப் பாருங்க" என்கிறேன். அந்த டீச்சருக்கு இல்லை என்று நான் பொய் சொன்ன பத்து நிமிடத்தை, அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.