ஏற்காட்டு மலையில் நான் விழுங்கிய வார்த்தைகள்

1987 ஜூலை. காலை ஏழரைக்குச் சேலத்திலிருந்து அலுவலக ஜீப் கிளம்பியது. டிரைவர் பழனிச்சாமிக்குப் பக்கத்தில் நான். பின்னால் ஐரோப்பாவிலிருந்து வந்திருந்த நிர்வாக நிபுணர் ஹெல்கா அம்மையார். நம் நாடும் அவர் நாடும், ஒன்றின் அரசு அலுவலகங்களை மற்றொன்று பார்வையிட்டுக் குறைகளைச் சொல்வது, அதைக் கொண்டு திருத்திக்கொள்வது என்று ஓர் ஏற்பாடு. கிளார்க்கான எனக்கு ஆங்கிலம் ஓரளவு வரும் என்பதால் மொழிபெயர்ப்புக்குப் போட்டிருந்தார்கள்.

ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர், இருபது கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் அம்மையாருக்குத் தலைசுற்றல். "மோந்து பாக்கச் சொல்லுங்க சார், நொம்ப நல்லதுங்க" என்று பழனிச்சாமி ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினார்.

அதை முகர்ந்தபடி அம்மையார் சொன்னார்: "சென்ற ஆண்டு உங்கள் அதிகாரிகள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். எங்கள் அலுவலகங்களில் முதியவர்கள் கால்கடுக்க நிற்பதை முகத்துக்கு நேரே சொன்னார்கள். சங்கடமாக இருந்தது. ஆனால் மாற்றினோம்."

நான் தலையாட்டினேன்.

ஒன்பது மணிக்கு ஏற்காட்டில் காப்பி. பத்தரைக்குத் தலைச்சோலையைத் தாண்டி ஒரு சிற்றூர். அதன் பெயரை எழுதப்போவதில்லை. பிழை என்னுடையது, ஊருடையது அல்ல. சாரல் விழுந்துகொண்டிருந்தது. கிராம அலுவலக வாசலில் மாவிலைத் தோரணம். முந்தின நாளே வந்து கட்டச் சொன்னவன் நான்தான். உள்ளேயிருந்த மேசையும் நாற்காலியும் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்தவை. அதுவும் என் யோசனை.

லூர்துமேரி என்ற எஸ்டேட் தொழிலாளி, மழைக்குச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, கையில் மனுவோடு நின்றிருந்தார். இங்கே வேலை எளிதாக நடக்கிறதா என்று அம்மையார் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"எங்கீங்க நடக்குது? மக நர்சு படிப்புக்கு இருப்பிடச் சர்டிபிகேட் வேணுமின்னு ஏழு தடவ வந்தனுங்க. ஏழு தடவையும் பூட்டுத்தானுங்க. தொறந்து பாக்குறது இன்னைக்குத்தானுங்க. இந்த மேசகூட நேத்துத்தான் வந்துச்சுங்க."

பொய் சொல்லும்படி யாரும் எனக்கு உத்தரவிடவில்லை. வெள்ளைக்காரர் முன்னால் நம் மானம் போகக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "மகளின் படிப்புக்குச் சான்றிதழ் கேட்டு வந்திருக்கிறார். அலுவலகம் திறந்திருப்பதில் மகிழ்ச்சி என்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.

"இவ்வளவு நேரம் பேசினாரே?"

"தமிழில் எதையும் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வோம்."

அம்மையார் குறித்துக்கொண்டார். லூர்துமேரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏறப்போன என் அருகில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஏனுங்க சார், நான் தொரை பங்களாவுல பதினோரு வருசம் ஆயாவா இருந்தனுங்க. இங்கிலீசு பேச வராதுங்க. கேட்டாப் புரியுமுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மலையிறங்கும்போது தலையைக் கையில் தாங்கிக்கொண்டேன். பழனிச்சாமி, "சாருக்கும் தலசுத்துதுங்களா?" என்று கேட்டார்.

கிளம்புமுன் லூர்துமேரியிடம் வாங்கி வைத்திருந்த மனுவைக் கொண்டு அலைந்து சான்றிதழை வாங்கினேன். அடுத்த வாரம் விடுப்பெடுத்து, மூன்று ரூபாய் டிக்கெட்டில் ஏற்காடு பஸ் ஏறினேன். அங்கிருந்து பத்துப் பேரோடு நெருக்கியடித்து ஜீப்பில். கிராம அலுவலகம் பூட்டிக் கிடந்தது. தோரணம் காய்ந்து தொங்கியது.

காப்பிச் செடிகளுக்கு நடுவே களை எடுத்துக்கொண்டிருந்தார் லூர்துமேரி. கையைப் புடவையில் துடைத்துவிட்டுச் சான்றிதழை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"வெள்ளிக்கெழமையோட அப்ளிகேசன் தேதி முடிஞ்சு போச்சுங்க சார். பரவால்லீங்க, அடுத்த வருசத்துக்கு ஆவுமுங்க."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"எனக்கு வாங்கியாந்துட்டீங்க, சரிங்க. அந்தப் பூட்டு அப்படியேதானுங்களே இருக்குது? நான் சொன்னத அந்தம்மாகிட்ட நீங்க சொல்லியிருக்கோணும்." சொல்லிவிட்டு மறுபடி குனிந்து களையைப் பிடுங்கத் தொடங்கினார்.

மாலையில் மலையிறங்கும் பஸ்ஸில், அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் ஆங்கிலத்தில் எழுதினேன். வளைவுக்கு வளைவு எழுத்து கோணியது. பள்ளிக்கூட மேசையையும் என் பொய்யையும் சேர்த்து எழுதி, மறுநாள் அம்மையாருக்கு அனுப்பினேன். என் மேலதிகாரிக்கும் ஒரு நகல் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு இழுப்பறைக்குள் வைத்தார்.

இரண்டு மாதம் கழித்து அம்மையாரின் பதில் வந்தது. அறிக்கை அச்சாகிவிட்டதாம், மலைக்கிராம மக்கள் அலுவலகத்தைப் பற்றித் திருப்தி தெரிவித்தார்கள் என்று அதில் இருக்கிறதாம். கடைசி வரியைத்தான் அதிக முறை வாசித்தேன்: "அடுத்த ஆண்டு மீண்டும் அங்கே வருகிறேன். தயவுசெய்து வேறொரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யுங்கள்."

ஏற்பாடு செய்தேன்.