அழுக்குப் போகாத படங்கு

வண்டிப்பெரியார் ஆற்றங்கரையில் பேருந்துக்காக நிற்கிறேன். வெயில் சட்டென்று மறைந்து மழை இறங்குகிறது. டிரான்சிஸ்டரைச் சட்டைக்குள் செருகுகிறேன்.

நடுப்பாறையில் நீர்நாய்கள் மீன் தின்கின்றன. தன் தூண்டிலுக்கு மீன் மிஞ்சுவதில்லை என்று எஸ்டேட் கிளார்க் துப்பாக்கியால் குறிபார்க்கிறார். கொழுந்து பறிக்கும் எஸ்தர், இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைக் கல்லில் ஓங்கி அறைகிறாள். அந்தச் சத்தத்தில் நீர்நாய்கள் முங்கிவிடுகின்றன.

"துவைக்கிறத நிறுத்து!"

"அழுக்குப் போகலையே ஐயா."

நீர்நாய்கள் தலைதூக்குகின்றன. துப்பாக்கியும் உயர்கிறது. மறுபடி ஓர் அறை. கிளார்க் பல்லைக் கடிக்கிறார். மழை வலுத்தும் அவள் நகரவில்லை.

"சாக்கு எப்பவோ வெளுத்திருச்சே," என்கிறேன் மெதுவாக.

"அந்தாளு நிக்கிற வரைக்கும் இது அழுக்குதாண்ணே," என்று மறுபடி ஓங்குகிறாள்.