கட்டியைச் சுற்றியிருந்த சதை

எங்கள் பரிசோதனைக்கூடத்தில் அவருக்குச் சீவலக்கா என்று பெயர். அறுவை அறையிலிருந்து வரும் சதைத் துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றைம்பதில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவது அவர் வேலை. இருபத்தாறு ஆண்டு, நான்கு மாதம் செய்தார். பதிவேடு என் பொறுப்பில் இருந்ததால் இந்தக் கணக்கில் பிழை இராது.

அக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. அவர் தகட்டில் கட்டி மட்டும் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். சுற்றியுள்ள கொழுப்பையும் நாரையும் முன்பே நறுக்கி எறிந்துவிடுவார். கொழுப்பு கத்தியில் இழுபடும், தகட்டில் சுருக்கம் விழும் என்பது அவர் கட்சி. பழைய டாக்டர் இதற்காகவே அவரை மெச்சுவார்.

புதிதாக வந்த டாக்டரம்மா மெச்சவில்லை. நுண்ணோக்கியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"அக்கா, கட்டி இருக்கு. அக்கம்பக்கம் எங்க?"

"குப்பைல, டாக்டர். திருடனப் பிடிச்சுக் கொடுத்தாச்சு. அவன் தெருவையும் பேர்த்துக்கிட்டு வரணுமா?"

"வேணும்தான். அவனுக்குச் சோறு போட்டது யாரு, கதவத் திறந்து விட்டது யாரு, தடியோட மறிச்சது யாரு, எல்லாம் தெருவப் பாத்தாத்தான் தெரியும்."

சுற்றியிருக்கும் செல்களில் சில, கட்டிக்கு ரத்தக்குழாய் இழுத்துக் கொடுக்குமாம். நார்கள் வரிசையாக நின்றால் அதையே பாதையாக்கிக்கொண்டு கட்டி வெளியே நடக்குமாம். நோயெதிர்ப்புச் செல்கள் ஓரிடத்தில் முற்றுகை போடும். இன்னோரிடத்தில் மசிந்துபோய்க் கட்டிக்கே காவல் நிற்கும். எல்லாம் கேட்டுவிட்டு அக்கா, "அப்ப எங்க காலனி மாதிரியேதான்" என்றார். நறுக்குவதை மட்டும் விடவில்லை.

மறுமாதம் அவருடைய நாத்தனாரின் மார்பிலிருந்து எடுத்த கட்டி எங்களிடம் வந்தது. நாத்தனார் தையற்காரி. துண்டுகளில் பெயர் இராது, எண்தான்; நாத்தனாருடையது எந்த எண் என்று அக்கா கேட்டார். சொல்லக் கூடாது, சொன்னேன். சொந்தம் என்பதால் இரட்டிப்புக் கவனத்தோடு நறுக்கினார். தகடு அவ்வளவு அழகாக இருந்தது. அதில் புற்றும் இருந்தது.

"ஓரத்தையே காணோமே அக்கா," என்றார் டாக்டரம்மா. "மறுபடி ஆபரேஷன் வேணுமா வேண்டாமான்னு நான் எதப் பாத்து எழுதறது?"

அக்கா ஜாடி அலமாரிக்கு ஓடினார். பதிக்காமல் மிஞ்சிய சதையைப் பதினைந்து நாள் ஜாடியில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அன்று ஒன்பதாம் நாள். கட்டியின் மறுபாதி சுற்றுச்சதையோடு அதில் கிடந்தது. அக்கா அதை அப்படியே பதித்தார். இருமுறை கிழிந்தது. மெழுகைப் பனிக்கட்டிமேல் குளிரவைத்து மூன்றாம் முறை எடுத்தார்.

மூன்று பக்கமும் எதிர்ப்புச் செல்கள் நெருக்கியடித்து நின்றன. நான்காம் பக்கத்தில் காவலில்லை. அங்கே ஏழு புற்றுச் செல்கள் நார்களைப் பிடித்தபடி, அறுவையில் வெட்டிய விளிம்புவரை ஒன்றன்பின் ஒன்றாகப் போயிருந்தன. உடம்பில் மிச்சம் இருக்கலாம், மறுபடி அறுவை வேண்டும்.

அக்கா தாமே நாத்தனாரிடம் சொல்லப் போனார். நானும் துணைக்குப் போனேன்.

"நான்தான் அந்த ஓரத்த நறுக்கிப் போட்டேன். டாக்டர் கேக்கலன்னா தெரிஞ்சே இருக்காதுடி."

நாத்தனார் தைப்பதை நிறுத்தினார்.

"ஜாக்கெட்டுக்குள்ள எதுக்கு இவ்ளோ துணி விடறேன்னு வருஷாவருஷம் சண்டைக்கு வருவீங்களே அண்ணி! ஓரம் விடாம வெட்டினா எந்தத் தையல் நிக்கும்? என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருக்கலாம்."

"போகட்டும். இந்தத் தடவையாவது முழுசாப் பாருங்க."

இரண்டாம் அறுவையில் வந்த சதையில் அக்கா ஒரு துணுக்கைக்கூட எறியவில்லை. பதினொரு தகடுகள், எல்லாம் சுருக்கம், அவர் கையால் வந்தவற்றிலேயே அசிங்கமானவை. ஒன்றிலும் புற்று இல்லை. டாக்டரம்மா கையெழுத்திட்டதுதான் தாமதம், அக்கா வேலை அங்கியைக்கூடக் கழற்றாமல் நாத்தனார் வீட்டுக்கு ஓடினார். மணி பதினொன்று நாற்பது. வருகைப் பதிவில் அரை நாள் விடுப்பு என்று எழுதினேன்.