கூர்முனைக் குண்டு

காரைக்குடி ஸ்கேன் சென்டரில் எம்.ஆர்.ஐ. எடுக்கப் பச்சை அங்கியோடு நின்றிருந்தேன். "உள்ள இருக்கறது பெரிய காந்தம். உடம்புக்குள்ள உலோகம் ஏதும் இருக்காக்கா?" என்று அங்கே வேலை பார்க்கும் பெண் கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், துணைக்கு வந்திருந்த சித்தப்பா, "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார். என் வலது கெண்டைக்கால் தானாக இறுகியது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. பள்ளத்தூரில் பூட்டிக் கிடந்த ஒரு பெரிய வீட்டுக்குச் சித்தப்பாதான் காவல். வளவு முற்றத்துக்குள் எச்சமிடும் புறாக்களை ஏர் கன்னால் சுட்டு விரட்டுவார். தட்டை முனைக் குண்டுதான் போடுவார். பட்ட இடம் கன்றிப்போகும், தோலைத் துளைக்காது என்பார். அந்தத் தைரியத்தில், அவர் சுடச்சுட நான் இறகு பொறுக்க ஓடுவதை அவர் தடுத்ததே இல்லை. ஒருநாள் கடையில் தட்டை முனைக் குண்டு தீர்ந்துபோய், கூர்முனைக் குண்டு வாங்கிவந்தார். "எல்லாம் ஈயந்தானே" என்றார்.

அன்றும் ஓடினேன். கெண்டைக்காலில் மிளகு அளவுக்கு ஒரு துளை. ரத்தம் அதிகம் வரவில்லை. குண்டும் வெளியே வரவில்லை.

சித்தப்பா மஞ்சளை வைத்து அழுத்தினார். "முள்ளு குத்திருச்சுன்னு சொல்லணும். வீட்டுக்காரவுகளுக்குத் தெரிஞ்சா வேலை போயிரும். எங்க, சொல்லு பாப்போம்." அழுகை இல்லாமல் சொல்ல வரும்வரை பெரிய கதவின் தாழ்ப்பாளை அவர் நீக்கவில்லை.

ஸ்கேன் அறைக்குள் என்னை விட்டுவிட்டு அந்தப் பெண் கனத்த கதவைச் சாத்தப் போனாள். வெளியே சித்தப்பா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவைச் சாத்தாதம்மா," என்றேன். "காலுக்குள்ள ஒரு குண்டு இருக்கு."