நீளப் பூச்சி

கேஸ் ஷீட்டில் 'பூச்சிக்கடி' என்று நான் எழுதியபோது அந்தப் பெண் என் எதிரே நின்றுகொண்டுதான் இருந்தாள். கணுக்கால் வரை வயல் சேறு. அதைக் கழுவிப் பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி அது. அவசரப் பிரிவுக்கு நான் புது டாக்டர். அன்று காலையில்தான் லாரி மோதிய இரண்டு பேரைத் தேற்றி அனுப்பியிருந்தேன். அந்த மிதப்பில் இருந்தவனிடம் அவள் புருஷன் வந்து, "களை பறிக்கையில பூச்சி கடிச்சிருச்சுய்யா" என்றார். "இதுக்கெல்லாமா எமர்ஜென்சிக்கு வருவீங்க?" என்று எரிந்து விழுந்தேன். ஒரு டி.டி. ஊசி, அலர்ஜிக்கு ஒரு மாத்திரை, வெளியே பெஞ்சில் உட்காருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

நானும் அந்தப் பக்கத்து மகாராஜபுரத்துக்காரன்தான். எங்கள் வீட்டில் யாரும் பாம்பைப் பாம்பு என்று சொன்னதில்லை. பேரைச் சொன்னால் எதிரே வந்து நிற்கும் என்று பயம். பூச்சி என்றுதான் சொல்வார்கள். "பூச்சி கெடக்கும், பாத்துப் போலே" என்று என் அப்பா வரப்பில் சொல்லாத நாளில்லை. தெரியாத சொல்லாக இருந்தால் என்னை நானே மன்னித்திருப்பேன். கல்லூரியில் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று ஊர்ப் பேச்சையே விட்டுவிட்டேன். அதைப் பேசுகிறவர்களைக் காதுகொடுத்துக் கேட்பதையும் அதோடு சேர்த்து விட்டிருக்கிறேன்.

அரை மணி நேரம் போயிருக்கும். எங்கள் பெரிய சிஸ்டர், இருபது வருஷமாக அங்கே இருந்தவர், கட்டுப் போடும் தட்டோடு அந்தப் பெஞ்சைக் கடந்து போனார். அந்தப் பெண் புருஷன் தோளில் சாய்ந்திருந்தாள். சிஸ்டர் அவள் மோவாயைத் தூக்கிப் பார்த்தார். இமை பாதிக்கு மேல் திறக்கவில்லை.

"தூக்கம் வருதுன்னு சொல்லுதா சிஸ்டர்."

"தூங்குத நேரமாய்யா இது? எந்தப் பூச்சி?"

"நீளப் பூச்சிதாம்மா. வேற எப்பிடி வாயால சொல்ல?"

சிஸ்டர் என்னிடம் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வரும்போதே "சார், பாம்பு!" என்று சத்தம் போட்டார். விஷமுறிவு மருந்தை ஏற்ற ஆரம்பித்தோம். அதற்குள் அவளுக்கு மூச்சு தளர்ந்துவிட்டது. தொண்டையில் குழாய் இறக்கியது நான். காற்றுப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்தது சிஸ்டர். மதுரைக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றது.

அந்த அவசரத்திலும் எனக்கு ஒரு வேலைக்கு நேரம் இருந்தது. பழைய கேஸ் ஷீட்டைக் கிழித்துப் போட்டேன். வந்தவுடனே பாம்புக்கடி என்று கண்டுபிடித்ததாகப் புதிதாக ஒன்று எழுதி, மதுரை டாக்டர்களுக்கான கடிதத்திலும் அதையே எழுதி, சிஸ்டரின் கைப்பையில் செருகினேன். கூடப் போகும் அவர் வண்டிக்குள் குனிந்து காற்றுப் பையை அமுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "கடுதாசியப் படிச்சேன் சார். நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ஆளு கட்டாயம் நம்மளப் பாக்க வருவாரு. அவருட்ட நீங்களே சொல்லிருங்க. சொன்னா ஒண்ணும் கொறஞ்சு போக மாட்டிய." சொல்கிறேன் என்றேன்.

அவள் பிழைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் இருவரும் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு வந்தார்கள். "பாத்த ஒடனே டாக்டரய்யா கண்டுபிடிச்சிட்டாவன்னு மதுரையில சொன்னாவ. மொதல்ல போட்ட ஊசியே அதுக்குத்தான்னு அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. எம்பிள்ளைகளுக்கு அவுக ஆத்தாளத் திருப்பிக் குடுத்துட்டிய" என்று அவள் புருஷன் என் காலைத் தொடக் குனிந்தார். சிஸ்டர் பக்கத்தில்தான் நின்றார். நான் குனிந்தவர் தோளைப் பிடித்துத் தூக்கி, "இனிமே செருப்புப் போட்டுட்டு வயல்ல இறங்கச் சொல்லுங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சிஸ்டர் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

இப்போது அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைமை. சிஸ்டர் ஓய்வுபெற்று ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன், வண்டியை நிறுத்தியதில்லை. புதிதாக வரும் டாக்டர்களிடம், யாராவது பூச்சி என்றால் நீளமா குட்டையா என்று கேளுங்கள், முதலில் இமையைப் பாருங்கள் என்று சொல்கிறேன். போன மாதம் ஒரு பெண் டாக்டர் அதைக் குறித்துக்கொண்டே, "இது எந்தப் புத்தகத்துலயும் இல்லையே சார், யார் சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டாள்.

"அனுபவம்மா" என்றேன்.